மூடி வைத்த இலை

சர்க்கரை போதுமா மேடம்? எங்கள் வீட்டுக் காபியில் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்கும். உள்ளே கிரைண்டர் ஓடுகிறது, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு இட்லிக்கு ஆட்டிவிட்டால் வேலை முடிந்தது.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. மூன்று வருஷத்துக்கு முன்னால், பஞ்சாயத்துத் தேர்தல் சமயத்தில், எங்கள் வீட்டுக் காதுகுத்துப் பந்தியில் சாராயம் ஊற்றினோமா, அதைக் குடித்துவிட்டுத்தான் முனியசாமி பட்டாசுக் கம்பெனி மருந்தறைக்குள் போனாரா என்பது. கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் மனைவி வள்ளித்தாய் அது பொய் என்று மனுப் போட்டிருக்கிறாள். 'குடிகாரன் பொண்டாட்டின்னு பேரு வந்துருச்சே தாயி, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்' என்று என்னிடம் வந்து அழுதாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பொய்தான். இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு இந்த வாசல்படியைத் தாண்டியதில்லை. கிடா வெட்டினால் ஆண்கள் பாட்டிலைத் தேடுவார்கள் என்பதற்காகவே அன்றைக்குச் சைவப் பந்தி வைத்தேன். அந்தப் பந்தியைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. அதனால் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பாதி சொன்னால் நீங்கள் இந்த வெயிலில் திரும்ப அலைய வேண்டியிருக்கும்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கரபாண்டியன் என்றால் இந்த வேப்பூரணியில் மட்டுமல்ல, சாத்தூர் சந்தை வரைக்கும் தெரியும். பருத்தியும் மிளகாயும் போடுகிற கரிசல் விவசாயி. எந்தப் பொருளுக்கும் ஓர் இடம் உண்டு, அது அங்கேதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர். கல்யாணமான புதிதில் மற்ற மாப்பிள்ளைகள் பூ வாங்கி வருவார்கள். இவர் நூல்கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்து அளந்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்து மூச்சிரைப்பு உண்டு. புகை என் பக்கம் வராமல் எந்தச் சுவரில் ஜன்னல் வைக்கலாம் என்று பார்த்தார். மண்ணெண்ணெய் டின்னை அடுப்புக்கு எதிர்மூலையில் வைத்துவிட்டு, "மீனா, இதுக்கும் நெருப்புக்கும் நடுவுல நீ மட்டுந்தேன் நடக்கணும்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது. அதற்குமுன் இருந்ததெல்லாம் மரியாதை.

ஊர் விஷயத்திலும் அவர் அப்படித்தான். ஊருக்குக் கிழக்கே ஓடை இருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கம் கம்பெனி வந்தபோது சுற்றிலும் சோளக்காடு. அப்புறம் ஊர் பெருத்தது. கேட்டவருக்கெல்லாம் பிளாட் போடப் பஞ்சாயத்தில் அனுமதி கொடுத்தார்கள். வீடுகள் ஓடையைத் தாண்டிப் போய்க் கம்பெனி வேலியில் முதுகைச் சாய்த்து நின்றன. கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஆர்டர் கூடக் கூட, வேலியை ஒட்டி அறை அறையாகக் கட்டிக்கொண்டே வந்தது. கடைசி வரிசை மருந்தறையிலிருந்து ஒரு கல்லை எறிந்தால் பால்வாடி ஓட்டில் விழும்.

இவர் தலைவர் பதவிக்கு நின்றது இந்த ஒன்றுக்காகத்தான். வீடெல்லாம் ஓடைக்கு இந்தப் பக்கம். வெடியெல்லாம் கரிசலுக்கு அந்தப் பக்கம். நடுவில் இருக்கிற நிலத்தில் யாரும் எதுவும் கட்டக் கூடாது. மரம் நடலாம், ஆடு மேய்க்கலாம். பிரச்சாரத்துக்குப் போகிற தெருவிலெல்லாம் குத்தவைத்து உட்கார்ந்து, சாக்பீஸால் தரையில் ஊரை வரைந்து காட்டுவார். கூடவே நானும் போவேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இங்கே ஓடை, இங்கே பால்வாடி என்று அவர் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

"அண்ணாச்சி, ஓட்டுக் கேக்க வந்தீகளா, பூகோளப் பாடம் நடத்த வந்தீகளா?"

"நடுவுல சும்மா கெடக்கட்டுங்கீகளே, அங்கன எம் மகளுக்குன்னு ரெண்டு சென்ட் வாங்கிப் போட்டிருக்கேன். அதுல ஆடா குடியிருக்கும்?"

"ஒரு நா அங்கன வெடிச்சா என்னப்பா செய்வீக?" என்று இவர் கேட்பார்.

"வெடிச்சாத்தான அண்ணாச்சி நம்ம பொழப்பே" என்று பதில் வரும். கூட்டம் சிரிக்கும்.

இவருக்குக் கிடைத்த சின்னம் பூட்டுச் சாவி. எதிர்த்து நின்ற கனகசபாபதிக்கு ஆட்டோ. கேட்டவருக்கு பிளாட், கேட்ட கம்பெனிக்கு அனுமதி என்பது அவருடைய கொள்கை. 'ஆட்டோல ஏறுங்க, பிளாட்ல எறங்குங்க' என்று மைக்கில் கத்திக்கொண்டே போவார்கள். சொல்லக் கூடாது, எங்கள் மகள் ரோஜாவே வீட்டுக்குள் அதைப் பாடிக்கொண்டு திரிந்தாள்.

அதற்கு முந்தின வருஷம் ஆடி மாதத்தில் அதே கடைசி வரிசையில் ஓர் அறை வெடித்திருந்தது. யாரும் வேலையில் இல்லாத நேரம். ஓர் ஆட்டுக்குக்கூடக் காயமில்லை. ஊரே போய் வேடிக்கை பார்த்தது. மறுவாரம் அதைப் பற்றிப் பேச ஆளில்லை. கம்பெனி அதே இடத்தில் புது அறை கட்டிக்கொண்டது. இவர் அதை ஞாபகப்படுத்தினால், கனகசபாபதி மைக்கைப் பிடித்து, "காலி ரூமு வெடிச்சதுக்கே ஊரக் காலி பண்ணச் சொல்லுதாரு நம்ம பூட்டுக்காரரு" என்பார். அதற்கும் சிரிப்பு.

நான் அந்த வாக்கியத்தை மறக்கவில்லை. சமைக்கும்போதுகூடக் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. காலி ரூமு.

ஒரு நாள் பிரச்சாரம் முடிந்து வந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். என் கைச்சோற்றை அவர் தள்ளியது அதுதான் முதல் தடவை.

"வாபஸ் வாங்குற தேதியும் போயிருச்சு. ஊர்ல எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டு ஒதுங்கிரலாம்னு பாக்கேன் மீனா."

"எதுக்கு ஒதுங்கணும்?"

"யாரும் காது கொடுக்க மாட்டேங்காக. நாந்தேன் தப்பாச் சொல்லுதேனோ என்னமோ."

"தப்பில்ல. சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. நீங்கள் கல்யாணமானவர், உங்களுக்குத் தெரியும். சரியான ஒன்றைச் சொல்கிற மனிதர், தான் சொல்வது தப்போ என்று தன் மனைவியிடம் கேட்கிறார். அந்த மனைவி என்ன செய்ய வேண்டும்? அவர் சொன்னது சரி என்று ஊருக்குக் காட்டித் தர வேண்டும். நான் யோசித்தது அவ்வளவுதான். எனக்குப் பேசத் தெரியாது, மேடை தெரியாது. எனக்குத் தெரிந்தது பந்தி.

மருந்து விஷயம் இந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மிச்சம் கிடந்து, மழை ஈரமும் சேர்ந்தால், யாரும் தொடவே வேண்டாம், அது தானாகச் சூடேறிக்கொள்ளும். கடைசி வரிசைக்கு மருந்து கலக்குகிறவர் முனியசாமி. விடிவதற்குள் கலந்து வைத்துவிடுவார். பெண்கள் வந்து அதை வெடிக்குள் செலுத்துவார்கள். மத்தியானத்துக்குமேல் மிச்சத்தை அவர் கையாலேயே அழிப்பார். ரொம்பக் கவனமான மனிதர். பீடிப் பழக்கத்தைக்கூட இந்த வேலைக்காக விட்டவர். அவரைப் போய்க் குடித்திருந்தார் என்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ரோஜாவுக்குத் தை மாதம் காது குத்துவதாக இருந்தது. அதை வாக்குப்பதிவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுவந்தேன். புரட்டாசியில் காதுகுத்தா என்று உறவில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். சைவப் பந்திக்கு அதைவிட நல்ல மாதம் ஏது என்று கேட்டேன். இவருக்கு வேறு கவலை.

"தேர்தல் நேரத்துல சோறு போட்டாத் தப்பாப் பேசுவாக மீனா."

"பெத்த பிள்ளைக்குக் காது குத்துறதுக்குக் கமிஷன்ல பெர்மிஷன் வாங்கணுமா?"

பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார்.

ஏன் ஞாயிறு என்று கேட்பீர்கள். தீபாவளி சீசன், கம்பெனிக்கு ஞாயிறும் வேலை நாள். ஆனால் பால்வாடிக்கு லீவு. இதையெல்லாம் நான் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன்.

வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு, முனியசாமியும் அந்த வரிசைப் பெண்களும் குடியிருக்கிற தெருவுக்கு நானே போனேன். அதுவரை எங்கள் வீட்டு விசேஷம் என்றால் அந்தத் தெருக்காரர்களுக்குப் பின்வாசலில்தான் சாப்பாடு, அவரவர் கொண்டுவருகிற பாத்திரத்தில். அது என் காலத்துக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். நான் வீடு வீடாக ஏறி, இந்தத் தடவை முன்வாசல் பந்தி, எங்கள் ஆட்களோடு ஒரே வரிசை என்று சொன்னேன். வள்ளித்தாய் தட்டை வாங்கத் தயங்கினாள்.

"நெசமாவா தாயி? முன்வாசல்லயா?"

"ஆமா. நீங்கள்லாம் வராம ரோஜா காதுல ஊசி எறங்காது. மத்தியானமே வந்திரணும், சாயங்காலம் மழை வந்திரும்."

அவள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீகளா? முன்வாசலாம்."

முனியசாமி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். "பாயசம் உண்டுமா தாயி?"

"உங்களுக்குன்னே பருப்புப் பாயசம் அண்ணே."

அண்ணே என்று நான் கூப்பிட்டதும் அந்த முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா. ஒரு தட்டு வெற்றிலையும் ஒரு சொல்லும் மனிதரை எவ்வளவு சந்தோஷப்படுத்துகிறது பாருங்கள். ஆனால் அப்படி அழைத்தால் ஒருவராலும் வராமல் இருக்க முடியாது. வரவில்லை என்றால், முன்வாசலுக்குக் கூப்பிட்டும் போகவில்லை என்று காலத்துக்கும் பேச்சாகிவிடும். அதுவும் எனக்குத் தெரியும்.

நினைத்தபடியே நடந்தது. அந்த வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் பாதி வேலையில் எழுந்து, முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கம்பெனி மேஸ்திரியே பந்திக்கு வந்து நின்றபோது யார் யாரைத் தடுக்க. காலையிலிருந்தே தூறல். கலந்து வைத்த மருந்து பாதி அப்படியே இருந்தது.

முனியசாமியை மட்டும் காணோம். மிச்சத்தை அழிக்காமல் வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் இவரிடம் போய், "முனியசாமி அண்ணன் இல்லாம முதல் பந்தி போட்டா நல்லாவா இருக்கும்?" என்றேன். இவருக்கு அது போதும். வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே போய், அவர் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவ்வளவு பேர் முன்னால் வேட்பாளரே வந்து கூப்பிடும்போது எப்படி மறுப்பார், பாவம்.

"மிச்சம் அங்கன கெடக்கு தாயி. ரெண்டு வாய் தின்னுட்டு ஓடிருதேன்" என்றார் என்னிடம்.

"முதல்ல உக்காருங்க."

நான்தான் பரிமாறினேன். சாம்பார், கூட்டு, உருளைக்கிழங்கு பொரியல், வடை. "வடைய எண்ணாதீக அண்ணே, கூட ஒண்ணு வச்சுக்கோங்க." பக்கத்து இலைக்காரர், "என்னய்யா முனியசாமி, பூட்டுக்கா ஆட்டோவுக்கா?" என்று வம்புக்கு இழுத்தார். "முன்வாசல்ல சோறு போட்ட வீட்டுக்குய்யா" என்றார் அவர். பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் கை அவசரப்பட்டபோதெல்லாம் நான் இன்னொரு கரண்டி வைத்தேன். இலையில் சோறு இருக்க எழுந்து போகிற ஆள் இல்லை அவர்.

மழை வலுத்தது. பந்தல் தகரத்தில் சத்தம் கேட்டதும் அவர் கை நின்றது.

"தாயி, அந்த ரூமுல ஒரு ஒழுக்கு இருக்கு. நான் போயி அத அழிச்சுப்புட்டு வந்திருதேன். பாயசத்துக்கு வந்திருவேன்."

இந்த இடத்தை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் பாயச வாளியோடு அவர் எதிரில் நின்றிருந்தேன். அறை மட்டும் போகட்டும், ஆள் யாரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் இதைத் தொடங்கினேன். இன்றைக்குக் காலை வரைக்கும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நிமிஷத்தில் என் காதில் கேட்டது கனகசபாபதியின் மைக்குத்தான். காலி ரூமு.

போகாதீக அண்ணே. இரண்டே சொல். வாய்வரை வந்திருந்தது. சொல்லியிருந்தால் அவர் உட்கார்ந்திருப்பார், ஓர் அறை போயிருக்கும், மறுவாரம் மறந்திருப்பார்கள், இவர் திரும்பவும் தட்டைத் தள்ளியிருப்பார்.

"போயிட்டு வாங்க அண்ணே. இலைய எடுக்க விட மாட்டேன்" என்றேன்.

இன்னொரு இலையை எடுத்து அவர் இலைமேல் மூடி, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். வாசலில் இவர் வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். மழையில் நனைய வேண்டாம் என்று தன் குடையைக் கொடுத்து அனுப்பினார். அவ்வளவு நல்ல மனசு.

சத்தம் கேட்டபோது இரண்டாம் பந்திக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுகூட இலைக்கு வெளியே சிந்தவில்லை.

அந்த வரிசையே போய்விட்டது. பால்வாடிக் கூரை உள்ளே விழுந்து, பிள்ளைகள் தூங்குகிற பாயின்மேல் ஓடு குவிந்து கிடந்தது. நாளைக்குத் திங்கட்கிழமை என்று ஒரு பெண் மெல்லச் சொன்னாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. இவர் வரைந்து காட்டிய ஊர் அன்றைக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. கனகசபாபதியே துக்கத்துக்கு வந்தபோது இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னது நெசந்தேன் அண்ணாச்சி" என்றார். முனியசாமியின் பாடையை இவர் தோளில் சுமந்தார். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயித்த அன்றைக்கு ஊரில் ஒருவரும் வெடி போடவில்லை. எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய மரியாதை என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிச் சொன்னதைச் செய்தார். வருகிற வழியில் பார்த்திருப்பீர்கள், ஓடைக்கு அந்தப் பக்கம் வரிசையாக வேப்பங்கன்று. கம்பெனி கரிசலைத் தாண்டிப் போய்விட்டது. வீடுகள் இந்தப் பக்கம் வந்துவிட்டன. பால்வாடியில் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குகின்றன. ஓர் ஆளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜனங்களுக்கு ஞாபகம் குறைவு. அந்த நிலம் ஏன் சும்மா கிடக்கிறது என்று இப்போதே டீக்கடையில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த தேர்தல் இன்னும் இரண்டு வருஷத்தில். ரோஜாவும் அதற்குள் பெரிய மனுஷி ஆகிவிடுவாள், சடங்கு வைக்க வேண்டும். இந்தத் தடவை பந்தியைப் பெரிதாகவே போடலாம் என்றிருக்கிறேன். நீங்களும் அவசியம் வர வேண்டும்.

இவருக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம். பிரஷர் இருக்கிறது.

வள்ளித்தாயை நான் கைவிடவில்லை. துக்கம் முடிந்த கையோடு கூட்டி வந்து, என் சமையலறையிலேயே வேலை கொடுத்தேன். இப்போது பின்வாசல் வழக்கமெல்லாம் கிடையாது. அவள் உள்ளே வரலாம், எதையும் தொடலாம். நீங்கள் குடிக்கிற காபி அவள் போட்டதுதான், உள்ளே மாவு ஆட்டுகிறவளும் அவள்தான்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். முனியசாமி குடித்திருக்கவில்லை. என் பந்தியில் அவர் சாப்பிட்டது சோறு, சாம்பார், கூட்டு, பொரியல், வடை. அவரை வரவழைத்தது நான், மிச்சத்தை அழிக்க விடாமல் உட்கார வைத்ததும் நான், போய் வாருங்கள் என்று தெரிந்தே அனுப்பியதும் நான். சாராயம் மட்டும் கிடையாது. பாயசம் சாப்பிடாமல் போய்விட்டார் என்ற ஒன்றுதான் எனக்கு இன்றுவரை மனக்குறை. பெயர், அழகுமீனா. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

அட, கிரைண்டர் நின்றுவிட்டதே. மாவு இன்னும் ஆகியிருக்காது. கரண்ட் போயிருக்கும், இந்த நேரத்துக்கு எங்கள் ஊரில் தினமும் போவதுதான். நீங்கள் ஏன் மேலே ஃபேனைப் பார்க்கிறீர்கள்? அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, காற்று போதவில்லையா?

வள்ளித்தாயி, மேடத்துக்கு இன்னொரு காபி கொண்டா.

வள்ளித்தாயி.

கேட்டிருக்காது. அவள் எப்போதும் அப்படித்தான் மேடம், வேலையில் இறங்கிவிட்டால் இங்கே யார் என்ன பேசினாலும் காதில் விழாது.